இதோட தாய் எங்கல கெடக்கு?

ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை எங்கெல்லாம் கூட்டிப்போவது என்று அமெரிக்காவில் நம்மவர்களிடம் எழுதாத பட்டியல் ஒன்று உண்டு. கலிஃபோர்னியாவில் சான் டியேகோ பக்கம் குடியிருந்தால் சீவேர்ல்ட் என்ற கடல் பிராணிப் பூங்காவைத் தவிர்க்கவே முடியாது. 2024 கோடையில் நானும் அதைத்தான் செய்தேன்.

அப்பா தூத்துக்குடிப் பக்கம் மணப்பாட்டுக்காரர். முப்பத்தைந்து வருடம் வள்ளத்தில் கடலுக்குப் போனவர். அவருக்குக் கடல் பிராணிகளைக் காட்டுகிறேன் என்று டிக்கெட் எடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை என்பது உள்ளே போன பத்தாவது நிமிடமே தெரிந்துவிட்டது. திருக்கைகளைத் தொட்டுப் பார்க்கும் தொட்டிக்குள் என் மகள் கையை விட்டாள். "ஏட்டி, வால் பக்கம் கை கொண்டு போவாத, முள்ளு கெடக்கும்" என்று பதறி இழுத்தார். அங்கே முள்ளை நறுக்கித்தான் விடுவார்கள் என்று சொல்லிப் புரியவைத்தோம். அப்புறம் அவரும் இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். உடனே பூண்டு உரித்துப் போட்டுத் திருக்கைக் குழம்பு வைக்கும் பக்குவத்தைச் சத்தமாக ஆரம்பித்துவிட்டார். பக்கத்தில் நின்ற பணிப்பெண் சிரித்தபடி தாத்தா என்ன சொல்கிறார் என்று கேட்டாள். திருக்கை ரொம்ப அழகு என்கிறார் என்றாள் மகள். ஏழு வயதுக்குள் பிழைக்கத் தெரிந்துகொண்டாள்.

அதுவரை நல்ல நாள். அதற்குப் பிறகு ஆர்கா அரங்கம். கொலைகாரத் திமிங்கிலம் என்று பெயர் வாங்கினாலும் அது டால்ஃபின் குடும்பத்தின் பெரியண்ணன். முன்வரிசையில் உட்கார்ந்தால் நனைவோம் என்று தெரிந்தேதான் உட்கார்ந்தோம். மாற்றுத்துணி எடுத்துவராதது என் புத்தி. கறுப்பும் வெள்ளையுமாக ஒரு மலை தண்ணீரிலிருந்து எழும்பி விழுந்ததில் அம்மாவின் சேலை முந்தானை முதல் கொசுவம் வரை ஊறிப்போனது. அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. அதை மறைத்து இப்போது நல்லவன் வேஷம் போட மாட்டேன்.

அப்பா மட்டும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "ஏல, இதோட தாய் எங்கல கெடக்கு?"

அவர் அதைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. 2016 ஜனவரி 11 சாயங்காலம் மணப்பாடு, கல்லாமொழிக் கரைகளில் பைலட் திமிங்கிலங்கள் வந்து ஒதுங்கின. 80க்கும் மேல். ஊரே இறங்கி, கயிறு கட்டி, படகை வைத்து ஆழத்துக்கு இழுத்துவிட்டது. அப்பாவும் இழுத்தார். விட்டவற்றில் பல திரும்பிக் கரைக்கே வந்தன. "கூட்டத்துல ஒண்ணு இங்க கெடந்தா மத்தது போவாதுல" என்பார். கூட்டத்தை விட்டுப் பிரியாத சாதி அவை. 40க்கும் மேல் செத்து, குழி தோண்டிப் புதைத்தார்கள். இதே கரையில் 1973 ஜனவரியில் 147 ஒதுங்கியபோது அப்பாவுக்குப் பதினைந்து வயது. ஆக, இரண்டு தடவை பார்த்தவர்.

இவர் ஒன்றும் கடல் பிராணி என்றால் கண்ணீர் விடுகிறவர் இல்லை. வலையில் ஓங்கில், அதாவது டால்ஃபின், மாட்டினால் வலையை அறுத்து விடுவார்கள். எல்லாம் உயிரோடு போனதில்லை என்பதையும் அவரே சொல்வார்.

அவர் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இரவு தேடினேன். நாங்கள் போன சமயம் அந்தத் தொட்டிகளில் இருந்தவற்றில் கார்க்கி என்பது ஒன்று. 1969 டிசம்பரில், ஏறக்குறைய நான்கு வயதில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கடலில் பிடித்தது. முதலில் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் வேறொரு பூங்கா, 1987இல் இங்கே. அதன் இனத்தில் பிள்ளைகள் வளர்ந்தும் ஆயுசுக்கும் தாயோடுதான் திரியும். கார்க்கி பலமுறை கருவுற்றும் ஒரு குட்டிகூட ஐம்பது நாளைத் தாண்டவில்லை. தாய் கடலிலேயே இருந்து செத்தும் போய்விட்டது. அப்பாவிடம் சொன்னேன். "ம்" என்றார்.

இழுத்து மூடு என்கிற கட்சியில் நான் இல்லை. 2016இல் ஆர்காக்களை இனப்பெருக்கம் செய்வதை சீவேர்ல்டே நிறுத்தியது. அதே வருடம் கலிஃபோர்னியா சட்டமும் போட்டது. இருப்பதுதான் கடைசித் தலைமுறை. பெரும்பாலானவை தொட்டியில் பிறந்தவை, கடலில் விட்டால் பிழைக்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது. பெரும்பாடுபட்டுக் கடலுக்குப் பழக்கிய கெய்க்கோ என்ற ஆர்கா 2003இல் நார்வேக் கரையில் செத்ததே. இன்னொரு பக்கம், 1997இல் தாயைப் பிரிந்து ஒதுங்கிய சாம்பல் திமிங்கிலக் குட்டியை வளர்த்து அடுத்த வருடம் கடலில் விட்டதும் இதே சான் டியேகோ பூங்காதான். 2015இல் கடற்சிங்கக் குட்டிகள் கூட்டங்கூட்டமாகப் பட்டினியில் கரை ஒதுங்கியபோது, கடற்சிங்க நிகழ்ச்சியையே நிறுத்திவிட்டு ஆட்களை மீட்பு வேலைக்கு அனுப்பினார்கள். அந்த வேலைக்கு என் பணம் போகட்டும், முழு மனதோடு தருவேன். ஆர்கா அரங்கத்து இருக்கைக்கு இனி தரமாட்டேன். பிள்ளைகள் பார்த்தால்தானே அன்பு வரும் என்று ஒரு வாதம் சொல்வார்கள். என் மகளுக்கு அன்று வந்தது "அது எப்போ மறுபடி குதிக்கும்?" என்ற கேள்விதான்.

மறுநாள் சான் டியேகோவிலேயே இருக்கும் லா ஹோயா கடற்கரைக்குப் போனோம். பாறை முழுக்கக் கடற்சிங்கங்கள், காசு பணம் கிடையாது. மகள் மூக்கைப் பொத்தினாள், அப்பா கருவாட்டுக் களத்துக்கு வந்தவர்போல நெஞ்சு நிறைய இழுத்தார். இரண்டு மணி நேரம் அசையவில்லை.

அடுத்த வாரம் திமிங்கிலம் பார்க்கும் படகில் ஏறினோம். கோடையில் அங்கே நீலத் திமிங்கிலம் வரும் என்பதால் போனது. அது கண்ணில் படவில்லை. நூறு ஓங்கிலாவது இருக்கும், படகின் அணியத்தை ஒட்டி ஓடி வந்தன. சின்னதொன்று பெரியதன் விலாவிலேயே ஒட்டிக்கொண்டு, அது மூச்சுவிட எழும்பும்போதெல்லாம் தானும் எழும்பியது. மகள் எண்ணிக்கொண்டே வந்தாள், அறுபதில் விட்டுவிட்டாள். அப்பா கம்பியைப் பிடித்துக் குனிந்தவர் நிமிரவே இல்லை. கரைக்கு வந்ததும் என்னைத் தனியாக இழுத்துக் கேட்டார்.

"அந்த இன்ஜினு எத்தன எச்பின்னு கேட்டுச் சொல்லு."