மாஸ்க் கேட்டா திமிரா?

ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸ் மாஸ்க் கேக்குற அந்த வீடியோவை ஆளாளுக்கு ஷேர் பண்ணியாச்சு, நான் வேற போடலை. காய்ச்சல் வார்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு நர்ஸ் என்95 மாஸ்க் கேட்டது இவ்வளவு பெரிய குத்தம்னு நேத்துதான் தெரிஞ்சுக்கிட்டேன். "சேவை மனப்பான்மையே செத்துப் போச்சு"ன்னு எழுதியிருக்கார் நம்ம நண்பர். 2020 மார்ச் 22 சாயங்காலம், டாக்டர் நர்ஸுங்களுக்கு நன்றின்னு மொட்டை மாடியில தட்டு தட்டினவர்தான்.

"என்ன நோய்னே தெரியலை, அதுக்குள்ள என்ன பயம்?"னு கேக்குறாங்க. சார், தெரியலைங்கிறதாலதான் மாஸ்க்! 2018ல கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரியில நர்ஸ் லினி பாத்துக்கிட்டதும் சாதா காய்ச்சல் கேஸ்னுதான். அது நிபா வைரஸ்னு ஊருக்குத் தெரிஞ்சப்போ, அது தொத்தி அவங்களே படுத்த படுக்கை. மே 21 இறந்துட்டாங்க. அவங்களுக்கு ரெண்டு பசங்க, ரெண்டும் சின்னப் பசங்க. லேப் ரிசல்ட் வர்ற வரைக்கும் கிருமி வாசல்ல காத்துக்கிட்டா நிக்கும்?

எங்க அக்கா கோவிட் வார்டுல இருந்தவ. பிபிஇ, அதான் உடம்பு முழுக்க மூடுற பாதுகாப்பு டிரஸ், அதை மாட்டினா கழட்டுற வரைக்கும் தண்ணி கிடையாது, பாத்ரூம் கிடையாது. பீரியட்ஸ் நாள்லயும் அதேதான். அதனால டூட்டிக்கு முன்னாடியே தண்ணி குடிக்கிறதை நிறுத்திடுவா. கண்ணாடியில ஆவி படிஞ்சு நரம்பே தெரியாது, ரெண்டு கிளவுஸோட தடவித் தடவித்தான் ஊசி போடணும். போட்ட என்95ஐயே பேப்பர் கவர்ல பேர் எழுதி வெச்சு, சில நாள் கழிச்சு திரும்ப மாட்டுவா. அவ ஒருநாளும் இதைத் தியாகம்னு சொன்னதில்லை. "மூக்கு மேல புண்ணாயிடுச்சுடா"ன்னுதான் சொல்வா.

"நர்ஸுங்க எரிஞ்சு விழுறாங்களே?" விழுறாங்க. எங்க அக்காவும்தான். அதுக்கும் மாஸ்க்குக்கும் என்னங்க சம்பந்தம்?

"அதான் சட்டம் இருக்கே?" இருக்கு. சென்னையில கோவிட்ல இறந்த டாக்டரைப் புதைக்க விடாம ஆம்புலன்ஸை அடிச்சு நொறுக்கின மூணாம் நாள், 1897 கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம் வந்துச்சு. ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில். சந்தோஷம். ஆனா அது அடிக்கிறவனுக்கு. மாஸ்க் குடுக்காம உள்ள அனுப்புறவருக்கு?

வீடியோவுல அந்த நர்ஸ்கிட்ட ஸ்டாக் இல்லைன்னு சொல்லியிருந்தாகூட மனசு ஆறியிருக்கும். "மத்தவங்கல்லாம் போகலையா?"ன்னு கேட்டாங்க பாருங்க, அதான் தாங்கலை.

சேவையாம். கோவிட்டுக்காக கான்ட்ராக்ட்ல எடுத்த நர்ஸுங்க 2000 பேருக்கு மேல, 2022 டிசம்பர் 31ஓட கணக்கு முடிஞ்சதுன்னு இதே தமிழ்நாட்டுல அனுப்பினாங்களே, அவங்க தெருவுல உக்காந்து போராடினப்போ உங்கள்ல எத்தனை பேர் ஒரு போஸ்ட் போட்டீங்க?

கமெண்ட்ல 'தேவதைகள்'னு டைப் பண்ணிக்கிட்டு இருக்கிறவங்க தயவுசெஞ்சு அதை அழிங்க. உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல இன்னைக்கு எத்தனை என்95 கையிருப்பு இருக்குன்னு கேட்டுட்டு வந்து அதைப் போடுங்க.