நிழல் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம்

ஆடி, ஆவணி வந்தால் என் முகநூல் முழுக்க ஒன்றுகூடல் படங்கள்தான். கனடாவில், ஸ்காபரோவில் மோர்னிங்சைட் பூங்கா, பின்னால் ஹைலண்ட் கிரீக் என்ற சிற்றாறு. பெரியப்பாமார் மரத்துக்குக் கீழே கதிரை போட்டு ஊர் அரசியல் கதைப்பார்கள். ஒரு பக்கம் கோழி வாட்டுவார்கள், இன்னொரு பக்கம் தேசிக்காய் கரண்டி ஓட்டமும் கயிறிழுத்தலும் நடக்கும். பார்க்க வடிவுதான். படத்துக்குக் கீழே யாராவது ஒருவர் கட்டாயம் எழுதுவார்: "யாழ்ப்பாணத்திலயும் இப்பிடி ஒரு ஆத்தங்கரைப் பூங்கா இருந்தா எப்பிடி இருக்கும்!"

எப்படி இருக்கும்? முதலில் ஆறு வேண்டும். நாங்கள் இருப்பது சுண்ணாம்புக் கல்லின்மேல். பெய்யிற மழையில் ஒரு பங்கு நிலத்துக்குள் இறங்கிக் கிணற்றுக்குப் போகும், இன்னொரு பங்கு கடலுக்கு ஓடும். ஆறு என்று சொல்ல இருப்பது வழுக்கையாறு ஒன்றுதான். தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி என்று வயலுக்குள்ளால் வந்து அராலியில் கடலோடு சேரும். அதுவும் மாரியில் மட்டும். பங்குனியில் போய்ப் பார்த்தால் மாடு மேய்ந்துகொண்டிருக்கும். தொண்டைமானாறு பெயரில் ஆறு, உண்மையில் கடனீரேரி. ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் கால்வாய் வெட்டி, வடமராட்சிக் கடனீரேரிக்குள் தண்ணீரைக் கொண்டுவரும் திட்டத்தை 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்தார். 'யாழ்ப்பாணத்துக்கு ஆறு' என்றே அதற்குப் பெயர். அந்த ஆற்றைப் பற்றி இன்றுவரை கதைத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

சரி, ஆறு இல்லை. அதனால் பூங்காவும் இல்லை என்று ஆகிவிடுமா? அந்தக் கனடாப் படங்களை இன்னொரு தடவை பாருங்கள். ஆறு எங்கேயோ பின்னுக்குத் தெரியும், பாதிப் படத்தில் அதுவும் இல்லை. எல்லாரும் இருப்பது மரத்துக்குக் கீழே. காலை பத்து மணிக்குப் பாய் விரித்தவர்கள் பொழுதுபடும்வரை எழும்பாமல் இருக்கிறார்கள் என்றால் காரணம் தண்ணீர் மட்டும் என்று எனக்குப் படவில்லை.

எங்கள் நகரத்தில் தண்ணீருக்குக் குறையே இல்லை. பண்ணைக்குப் போங்கள். ஒரு பக்கம் கோட்டை, முன்னால் மண்டைதீவுப் பக்கம்வரை விரிந்து கிடக்கும் கடல், நடுவில் தீவுப்பகுதிக்குப் போகும் பாலத்து ரோட்டு. ஆழமில்லாத கடல் என்பதால் கரையிலிருந்து பார்த்தாலே மீனவர்கள் கம்பு நட்டுக் கட்டிய வலைகள் வரிசையாகத் தெரியும். பருவத்துக்குப் பூநாரையும் வரும். பொழுதுபடும்போது அந்த வானம் இருக்கிறதே, அதற்கு நான் வக்காலத்து வாங்கத் தேவையில்லை. உங்கள் எல்லாருடைய முகப்புப் படத்திலும் அதுதான் இருக்கிறது.

ஆனால் அதே இடத்துக்குச் சித்திரை மாதத்தில் பின்னேரம் மூன்றரைக்குப் போயிருக்கிறீர்களா? ஒரு குருவி இராது. சீமெந்து வாங்கில் கை வைத்தால் தோசைக்கல். ஐந்து மணிக்குப் பிறகுதான் ஒவ்வொருவராக வரத் தொடங்குவார்கள். அப்போதும் உடனே இருக்க மாட்டார்கள். ஸ்கூட்டியை நிறுத்தி, இருக்கைமேல் துவாயை விரித்து, சூடு ஆறும்வரை நின்றுகொண்டே கச்சான் கொறிப்பார்கள். ஐந்தரைக்கு வாங்கு இருக்கப் பதமாகும், ஆறரைக்கு இருட்டு. அப்புறம் நுளம்பு. ஆக, இவ்வளவு பெரிய நீர்க்கரை ஒரு நாளில் ஒரு மணித்தியாலம்தான் சனத்துக்குப் பயன்படுகிறது. அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் ஊரே வந்து நெருக்குவதால்தான் வாகன நெரிசலும் குப்பையும். "சனத்துக்குப் பொறுப்பில்லை" என்று பதிவு போடுகிறவர்கள் இதையும் ஒருக்கால் யோசிக்கலாம்.

இனி மற்றப் பக்கம் வாருங்கள். சுண்டிக்குளியில் பழைய பூங்கா. 1829இலிருந்து 1867வரை இங்கே அரசாங்க அதிபராக இருந்த டைக் என்ற வெள்ளைக்காரர் உண்டாக்கியது. மனிதர் தன் வசதிக்குத்தான் செய்தார், அதில் பெரிய புண்ணியம் தேட வேண்டியதில்லை. ஆனாலும் மதியம் பன்னிரண்டு மணிக்கு வெளியே கண்டி வீதியில் தார் கொதிக்கும்போது உள்ளே போய் நின்று பாருங்கள். பெருமரங்களுக்குக் கீழே காற்றே வேறு மாதிரி இருக்கும். அங்கே கட்டிடம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஊரில் சிலர் கொதிப்பது ஏன் என்று அப்போது விளங்கும். நானும் அந்தக் கட்சிதான். கட்டிடத்தை எங்கேயும் கட்டலாம், நூறு வருச மரத்தை எந்த ஒப்பந்தக்காரராலும் கட்டித் தர முடியாது.

நிழல் சுண்டிக்குளியில், தண்ணீர் பண்ணையில். இரண்டையும் ஒரே இடத்தில் வைக்க இவ்வளவு காலமும் யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். புதிதாக ஏதாவது செய்வோம் என்றால் உடனே சீமெந்து, நடைபாதைக் கல், கலர் விளக்கு, 'ஐ லவ்' என்று தொடங்கும் ஓர் எழுத்துப் பலகை. ஆரியகுளத்தை 2021இல் திருத்தியது நல்ல விசயம், விடியக்காலை நடக்கிறவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அதே அச்சில் எல்லா நீர்க்கரையையும் வார்த்து எடுக்கப் போகிறோமா?

பண்ணையில் மரம் நடச் சொன்னால் வரும் மறுப்பு எனக்கு மனப்பாடம். "உப்புக்காற்றுக்கு மரம் வராது." அலங்காரத்துக்கு வாங்கிக்கொண்டு வந்து நடும் கன்றுகள் வராதுதான். பூவரசு வரும். அது கடற்கரை மரம், உப்பும் காற்றும் அதற்குப் புதிதில்லை. அதைப் பற்றி யாழ்ப்பாணத்தாருக்கு நான் பாடம் எடுத்தால் சிரிப்பார்கள். எங்கள் வேலி முழுக்க அதுதானே நின்றது, அதன் இலையைச் சுருட்டித்தானே பீப்பீ ஊதினோம். புன்னையும் கடற்கரையில் நிற்கும் மரம்தான், பங்குபோட்டுக் கொள்ளலாம். கோட்டை மறைந்துவிடும் என்கிறார்கள் இன்னும் சிலர். கோட்டைக்கு நேர் முன்னால் யாரும் நடச் சொல்லவில்லை. அங்கே தொல்லியல் திணைக்களத்தைக் கேட்காமல் ஒன்றும் செய்யவும் முடியாது, அந்தக் காட்சி திறந்தே இருக்கட்டும். கரை நீளமானது.

கண்டல் நிற்கிற இடத்தைத் தொடவே கூடாது. 'பற்றை' என்று வெட்டி வெளியாக்கி வாங்கு போடுவது சுலபம். ஆனால் இறாலும் மீனும் குஞ்சாக இருக்கையில் ஒதுங்குவது அந்த வேருக்குள். வள்ளம் கட்டுகிற, வலை காயப்போடுகிற இடங்களும் அப்படித்தான். எங்களுக்கு அது பொழுதுபோக்கு, அவர்களுக்கு வேலைத்தளம்.

இதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது, ஆண்கள் எழுதும் பதிவுகளில் அது வருவதே இல்லை. போன மாதம் அம்மாவையும் அக்காவின் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு நீர்க்கரைக்குப் போயிருந்தேன், எது என்று வேண்டாம். சின்னவளுக்கு அவசரம். மலசலகூடம் என்று எழுதிய கட்டிடம் இருந்தது, புதுப் பூச்சு, கதவில் பெரிய பூட்டு. பக்கத்தில் சோளன் விற்ற அக்காவைக் கேட்டேன்.

"திறப்பு ஆரிட்ட இருக்கு அக்கா?"

"அது ஆரோ ஒரு ஐயாட்ட பிள்ளை. அவர் அஞ்சு மணியோட வீட்ட போயிடுவார்."

சனம் வருவதே ஐந்து மணிக்கு. அவர் வீட்டுக்குப் போவதும் ஐந்து மணிக்கு. "அப்ப நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?" என்றதற்கு அந்த அக்கா, "நான் மத்தியானத்துக்குப் பிறகு தண்ணி குடிக்கிறேல்லை" என்று சோளனைப் பிரட்டிக்கொண்டே சொன்னார். நாங்கள் இருபது நிமிசத்தில் வீட்டுக்குத் திரும்பினோம். குடும்பமாக ஓர் இடத்தில் மூன்று மணித்தியாலம் இருக்க வேண்டும் என்றால் நிழலுக்கு அடுத்தது இது. விளக்கும் எழுத்துப் பலகையும் பிறகு வரட்டும்.

காசு இல்லை என்ற பதில் வரும், தெரியும். பூவரசுக்குக் காசு தேவையில்லை. வேலியில் கொப்பு வெட்டி ஐப்பசி மழையோடு கதியால் போட்டால் துளிர்க்கும் மரம் அது. செலவு வருவது பிறகு, அடுத்த இரண்டு கோடைக்கும் தண்ணீர் ஊற்றுகிற ஆளுக்கு. மரநடுகை விழாக்களில் நாங்கள் கோட்டை விடுவதும் அங்கேதான். படம் எடுத்த கன்று அடுத்த பங்குனிக்குள் பட்டுப்போகும். பழைய மாணவர் சங்கங்கள் வருசா வருசம் ஒன்றுகூடலுக்குச் செலவழிக்கிற காசில் ஒரு சின்னப் பங்கை ஒதுக்கி, ஆளுக்கு இருபது மரம் என்று பொறுப்பெடுத்து, தண்ணீர் ஊற்றுகிறவருக்கு மாதச் சம்பளம் கொடுத்தால் போதும். மலசலகூடத் திறப்பையும் அவரிடமே கொடுத்துவிடலாம், இரவு எட்டு மணிவரை.

மழை தொடங்க முன்னம் அனுமதி எடுக்கிற வேலையை யாராவது தொடங்கினால் நானும் வருகிறேன். எங்கள் வேலியிலும் வெட்டக் கொப்பு இருக்கிறது. கூடு அடிக்கிற செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், முற்றவெளிப் பக்கத்து ஆடு மாடு ஒரு துளிரையும் விட்டுவைக்காது.