நாளிதழ்கள் வலைப்பதிவைக் கைவிட்டுவிட்டனவா?

"வலைப்பதிவு நாளிதழ்களுக்கு ஒத்துவரவில்லை, எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள்" என்றொரு பகிர்வு சுற்றுகிறது. பாதிதான் சரி. 2010-இல் நியூயார்க் டைம்ஸ் தளத்துக்கு வந்த ஃபைவ்தர்ட்டிஎய்ட் என்ற தேர்தல் கணிப்பு வலைப்பதிவு 2013-இல் விலகியது உண்மை. ஆனால் வடிவம் சாகவில்லை, பெயர்தான் மாறியது. தேர்தல் நாளில் ஓடும் நேரலைப் பதிவு அதுவேதான்: புதியது மேலே, ஒவ்வொரு துண்டுக்கும் நேரக்குறிப்பு, வெளி இணைப்புகள், உச்சியில் நாலு வரிச் சுருக்கம். இந்தப் பக்கம் நேரலைப் பதிவு என்று தேடுபொறிகளுக்குச் சொல்ல 'லைவ்பிளாக்போஸ்டிங்' என்ற தனிக் குறியீடே இருக்கிறது.

சிக்கல் திருத்தத்தில்தான். 9 மணிக்குப் போட்ட தவறான எண்ணை 11 மணித் துண்டில் மட்டும் திருத்தினால், கீழே பழையது அப்படியே கிடக்கும். முன்பே பகிரப்பட்ட இணைப்பு அங்கேதான் போய் நிற்கும். பழைய துண்டிலேயே திருத்தக் குறிப்பு வேண்டும், மேலே புதிய துண்டும் வேண்டும். உச்சிச் சுருக்கத்தைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.