டிசம்பர் என்ன பாவம் செய்தது?

டிசம்பர் பிறந்தால் போதும், குடும்ப வாட்ஸப் குழுவில் அந்தப் பட்டியல் வந்து விழுந்துவிடும். தனுஷ்கோடி, சுனாமி, சென்னை வெள்ளம், ராஜாஜி, பெரியார், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா. கடைசியில் ‘தமிழ்நாட்டுக்கு ஆகாத மாதம்’ என்று ஒரு வரி, கூடவே நாலு கும்பிடு. பாரதி பிறந்த 11ஆம் தேதியும் ராமானுஜன் பிறந்த 22ஆம் தேதியும் இதே மாதத்தில்தான் வருகின்றன என்பது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

தலைவர்களை முதலில் முடித்துவிடலாம். ராஜாஜி காலமானது 1972 டிசம்பர் 25. பெரியார் காலமானது 1973 டிசம்பர் 24. அரசியலில் நெடுங்காலம் எதிரெதிராக நின்ற இரண்டு நண்பர்கள், ஏறக்குறைய சரியாக ஓர் ஆண்டு இடைவெளியில், இருவரும் 94 வயதில் போனார்கள். ஆச்சரியமான ஒற்றுமைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 94 வயதுக்காரர் இறந்ததற்கு மாதத்தின் மேலா பழி போடுவது?

புயல் கதை வேறு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீளும். வங்கக் கடலில் புயல் உருவாகும் காலமும் அதுவே. 1964 டிசம்பர் 22 நள்ளிரவுக்குச் சற்று முன் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய பாசஞ்சர் ரயில், ஊரை நெருங்கும் இடத்தில் சிக்னல் கிடைக்காமல் நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நீளமாக ஒரு விசில் கொடுத்து ஓட்டுநர் வண்டியை எடுத்தார். அலை மொத்த ரயிலையும் வாரிக்கொண்டு போனது; நூறு பேருக்கு மேல், ஒருவரும் பிழைக்கவில்லை. சேதமான பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் பொறுப்பில் 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள். பின்னாளில் ‘மெட்ரோ மனிதர்’ என்று பெயர் வாங்கியவர்தான் அவர். தனுஷ்கோடிக்கு மட்டும் அதன்பிறகு ரயில் போகவே இல்லை.

நாற்பது வருடம் கழித்து, அதே டிசம்பரில், இலங்கையின் தென்மேற்குக் கரையில் பெரலியவில் இன்னொரு ரயிலைக் கடல் கவிழ்த்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிறு, பௌர்ணமி விடுமுறை. ரயிலில் நல்ல கூட்டம். முதல் அலையில் ரயில் நின்றதும், பக்கத்து ஊர்க்காரர்கள் பாதுகாப்பு என்று நம்பி அதில் ஏறிக்கொண்டார்கள். அடுத்த அலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இங்கே நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல். சுமத்ராவில் கடலடி நிலம் குலுங்கியபோது நம் கடிகாரத்தில் காலை 6.29. நம் கரைக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த நேரத்தில் ஒரு எச்சரிக்கைகூட மீனவர் குடியிருப்புகளுக்குப் போகவில்லை, ஏனென்றால் இந்தியப் பெருங்கடலுக்கென்று சுனாமி எச்சரிக்கை அமைப்பே அன்று கிடையாது. ஹைதராபாத்தில் மையம் வந்தது 2007இல். பூகம்பத்துக்கு மாதக் கணக்கு தெரியாது சார், அது மே மாதத்திலும் வந்திருக்கலாம்.

2015 சென்னை வெள்ளத்தை மட்டும் மழையின் தலையில் கட்டுவதை என்னால் ஏற்கவே முடியாது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது உண்மை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்ததும் உண்மை. அதை ‘மனிதர்களால் விளைந்த பேரிடர்’ என்று எழுதியது எதிர்க்கட்சி இல்லை, இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை. அதை ‘ஆகாத மாதம்’ என்ற கணக்கில் எழுதினால் யாருக்கு வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம், இந்தப் பட்டியலில் நான் வருடா வருடம் தேடும் ஒரு பெயர் உண்டு. கீழத் தஞ்சைக் கிராமமான வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்கள் உயிருக்குப் பயந்து ஒரு குடிசைக்குள் ஒடுங்க, அதற்குத் தீ வைத்தார்கள். 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கீழ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களைச் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. பெரிய நிலக்காரர்கள், கார் வைத்திருப்பவரும் அவர்களில் உண்டு, அப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படியாக இல்லையாம்.