அது டைரி இல்லை

ஞாயிற்றுக்கிழமை நம் இசைத்தட்டு கேட்கும் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்று மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். வந்திருந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்கும் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். ஆனால் நேற்று, கூட்டத்தில் அண்ணன் காட்டிய அந்தச் சார்ட்டைப் போட்டோ எடுத்து மறுபடியும் குரூப்பில் போட்டு, கீழே வரிசையாக 'சூப்பர் அண்ணா' என்று வந்ததைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அந்தச் சார்ட் எனக்கு வலித்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நடுவில் ஒரு பெண்ணின் பெயர், ஜோனி மிட்செல். தன் பாட்டைத் தானே எழுதிப் பாடும் கனடியப் பாடகி. சுற்றிலும் ஆண்களின் பெயர்கள். ஒவ்வொரு ஆணிடமிருந்தும் ஒரு பாட்டுக்கு அம்புக்குறி. இது இவருக்காக எழுதியது, அது அவருக்காக எழுதியது. அவருடைய 'ப்ளூ' மொத்தமாகவே 36 நிமிடத்தில் முடிந்துவிடும் இசைத்தட்டு. நாம் அம்புக்குறிகளைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினோம். முதல் பக்கம் மட்டும் ஓடியது. இரண்டாம் பக்கத்துக்குள் டீ வந்துவிட்டது. அப்போதுதான் அண்ணன் அந்த வரியைச் சொன்னார்: "எப்படிப் பார்த்தாலும் இது ஒரு பொண்ணோட டைரிதாங்க. அழகான டைரி."

அது டைரி இல்லை அண்ணா. அன்றைக்கே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். தொண்டை அடைத்துக்கொண்டது, சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

கதை எனக்கும் தெரியும். லாஸ் ஏஞ்சலஸின் லாரல் கேன்யனில் ஜோனியும் அவருடைய காதலர், பாடகர் கிரஹாம் நாஷும் ஒரே வீட்டில் இருந்தார்கள். 1970இல் ஜோனி ஐரோப்பாவுக்குக் கிளம்பிப் போகிறார். கிரேக்கத்தின் கிரீட் தீவில், மாட்டலா என்ற கடலோர ஊரில், ஹிப்பிகள் குகைகளில் குடியிருந்த இடத்தில் போய்த் தங்குகிறார். அங்கிருந்து நாஷுக்கு ஒரு தந்தி வருகிறது: மணலை இறுக்கிப் பிடித்தால் விரலிடுக்கில் வழிந்துவிடும் என்று. தந்தி வந்தபோது தான் சமையலறைக்குத் தரை போட்டுக்கொண்டிருந்ததாக நாஷே பிற்பாடு சொல்லியிருக்கிறார். மண்டி போட்டுத் தரையைச் சமன் செய்துகொண்டிருக்கும் ஒரு ஆள், கையில் அந்தத் தாள். யாருக்குத்தான் நெஞ்சைப் பிசையாது? எனக்கும் பிசைகிறது. ஆனால் தந்தி பாட்டு இல்லை. தந்தியிலிருந்து பாட்டுக்கு வர எத்தனையோ தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைப் பற்றி அன்று ஒருவர்கூடப் பேசவில்லை.

பத்துப் பாட்டு. நான்கில் மடியில் கிடத்தி வாசிக்கும் டல்சிமர், நான்கில் பியானோ, இரண்டில் கிதார். தயாரிப்பாளர் என்று வேறு யாரும் இல்லை, அவரேதான். ஒன்பது வயதில் போலியோ வந்து இடது கை பலம் குறைந்தது. எல்லாரும் பிடிக்கிற மாதிரி கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது) பிடிக்கச் சிரமம். அதனால் கிதாரின் தந்திகளையே வேறு வேறு சுருதியில் கூட்டி, தன் கைக்கு எட்டுகிற மாதிரி வாத்தியத்தை மாற்றிக்கொண்டார். கல்லூரி நாட்களில் அந்தப் பாட்டுகளைச் சாதாரண ஸ்ருதியில் வாசித்துப் பார்த்திருக்கிறேன். பாட்டு வரவே வராது. எந்தக் கார்டைப் பிடித்தாலும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டின மாதிரி இருக்கும். ஏதோ ஒரு இரவு அழுதுகொண்டே எழுதிவிட்டால் இது வந்துவிடுமா?

தட்டு கிட்டத்தட்டத் தயாரான பிறகு, ஏற்கெனவே பதிவு செய்திருந்த இரண்டு பாட்டுகளை வெளியே எடுத்துவிட்டு, புதிதாக இரண்டைப் பதிவு செய்து சேர்த்தார். இன்றைக்கு நாம் கேட்கிற முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் அப்படி வந்தவைதான். வாசலையும் கொல்லையையும் கடைசியில் கட்டியிருக்கிறார். டைரி எழுதுகிறவர்கள் அப்படியெல்லாம் பக்கம் மாற்றிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

'ரிவர்' பாட்டை அன்று போட்டிருந்தால் பேச்சே வேண்டியிருக்காது. பியானோவில் ஆரம்பிக்கும்போது 'ஜிங்கிள் பெல்ஸ்' மெட்டு வருகிறது. குழந்தைக்குக்கூடத் தெரிந்த மெட்டு. ஆனால் இடது கையில் விழுகிற கார்டுகள் அதை வேறு எங்கோ கொண்டுபோய்விடுகின்றன. பக்கத்து வீட்டில் கல்யாண மேளம் கேட்கிறது, நீங்கள் உங்கள் வீட்டில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள், அந்த மாதிரி. கனடாவின் சாஸ்கட்டூனில் வளர்ந்தவர். குளிர்காலத்தில் ஆறு உறைந்து கல்லாகும் ஊர். இப்போது இருப்பது கலிபோர்னியாவில், பனி பார்க்காத லாஸ் ஏஞ்சலஸ் பக்கம். சறுக்கிக்கொண்டு தப்பித்துப்போக ஒரு ஆறு வேண்டும் என்கிறார், அந்த ஊரில் அது கிடைக்காது. இவ்வளவையும் சில நிமிடத்துக்குள், நமக்குத் தெரிந்த ஒரு பண்டிகை மெட்டை வைத்தே சொல்லிவிடுகிறார்.

இன்னொன்று. 'லிட்டில் கிரீன்' முதல் பக்கத்தில் இருக்கிறது. அன்று ஓடியது, நம் காதில்தான் விழவில்லை. அந்தப் பாட்டு நாஷுக்கும் முன்னால் எழுதியது, சார்ட்டில் எந்த ஆணிடமிருந்தும் அதற்கு அம்பு போட முடியாது. 1965இல் பெற்று, வளர்க்க வழியில்லாமல் தத்துக் கொடுத்த தன் மகளைப் பற்றியது. 1971இல் அமெரிக்க இசைப் பத்திரிகையான ரோலிங் ஸ்டோனின் விமர்சகர் இந்தப் பாட்டு ஒன்றுமே புரியவில்லை என்கிற மாதிரி எழுதினார். அந்தக் குழந்தை விஷயம் வெளியே தெரிந்ததே தொண்ணூறுகளில்தான். மகளை மறுபடி பார்த்தது 1997இல். பெற்றவர்களுக்குக்கூடச் சொல்லாத ஒன்றை, உலகம் முழுக்கக் கேட்கிற தட்டில் பாடி வைத்து, யாருக்கும் பிடிபடாமல் இருபது வருடத்துக்கு மேல் காப்பாற்றியிருக்கிறார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டார், கொட்டிவிட்டார் என்கிறோமே, எங்கே கொட்டினார்? எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அண்ணா, அதுதான் வேலை.

டைரி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஏழு வருடத்துக்கு முன்னால் என் வாழ்க்கையில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும், அதை மறுபடி கிளறவில்லை. அம்மா வீட்டுக்கு வந்த பிறகு எட்டு மாதம் தினமும் எழுதினேன். பேங்க்கில் இலவசமாகக் கொடுக்கிற பச்சை ரெக்சின் அட்டை டைரி. முன்பக்கங்களில் அம்மாவின் பால் கணக்கு இருக்கும், அதற்குப் பிறகு என் கையெழுத்து. இரண்டு வருடம் கழித்துப் பரணைச் சுத்தம் செய்யும்போது எடுத்துப் படித்துப் பார்த்தேன். 'இன்னிக்கும் போன் வரல.' அடுத்த பக்கம், 'இன்னிக்கும் வரல.' மிக்ஸி யாருக்கு, கட்டில் யாருக்கு என்று அடித்து அடித்து எழுதியது ஐந்து பக்கம். அதில் பொய் ஒரு வரிகூட இல்லை. ஒவ்வொரு வரியும் உண்மை, ஒவ்வொரு வரியும் அழுதுகொண்டு எழுதியது. ஆனால் அதை இன்னொருவருக்குப் படித்துக் காட்டினால் அவருக்கு அதில் எடுத்துக்கொள்ள எதுவுமே கிடையாது. வலி எல்லாரிடமும் இருக்கிறது. அந்த எட்டு மாதம், ராத்திரி மொட்டை மாடியில் கொசுக்கடிக்கு நடுவில் போனில் திரும்பத் திரும்பக் கேட்டது என் டைரியை இல்லை, 'ப்ளூ'வைத்தான். ஐம்பது வருடத்துக்கு முன்னால், வேறொரு கண்டத்தில், பனி பார்த்து வளர்ந்த ஒரு பெண் எழுதியது என் கட்டில் மிக்ஸி கணக்கைத் தாண்டி என்னிடம் வந்து சேர்ந்தது. எழுதியவள் உழைத்திருந்தாலொழிய அப்படி வந்து சேராது.

சரி, இதற்கு என்ன பதில் வரும் என்றும் தெரியும்.

'அவரே ஒப்புக்கொண்டிருக்கிறாரே' என்பார்கள். ஆமாம். 1979இல் ஒரு பேட்டியில், 'ப்ளூ' சமயத்தில் தனக்குப் பாதுகாப்பு என்று எதுவுமே இல்லை, சிகரெட் பெட்டிமேல் சுற்றிய கண்ணாடித் தாள் மாதிரி இருந்தேன் என்றார். பாட்டுகளைக் கேட்ட பாடகர் கிரிஸ் கிறிஸ்டோஃபர்சன், உனக்கென்று கொஞ்சமாவது வைத்துக்கொள் ஜோனி என்றாராம். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பேட்டியில் அவர் சொன்னது, குரலில் பொய்யான ஸ்வரம் இல்லை என்று. பொய் இல்லாமல் பாடுவது தானாக வருகிற விஷயம் என்று நினைப்பவர்கள் ஒரு முறை மைக் முன்னால் நின்று பார்க்கட்டும்.

'யாரைப் பற்றி என்று தெரிந்துகொண்டால் ரசனை கூடும்தானே' என்றும் ஒரு தம்பி எழுதியிருந்தான். கூடலாம், எனக்குத் தெரியவில்லை. எனக்குக் கூடவில்லை.

ஆனால் இந்த மூன்றாவதற்குத்தான் என்னால் அமைதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. 'இதில் ஆண் பெண் விஷயத்தை எதற்கு இழுக்கிறாய்?' இழுத்தது நான் இல்லை. ஜனவரியில் பாப் டிலனின் 'பிளட் ஆன் த ட்ராக்ஸ்' கேட்டோம். 1975இல் வந்தது. அதுவும் ஒரு உறவு உடைந்து நொறுங்குகிற தட்டுதான். அன்று அண்ணன் எவ்வளவு அழகாகப் பேசினார்! காலம் எப்படி முன்னும் பின்னும் போகிறது, 'நான்' எப்படி 'அவன்' ஆகிறது என்றெல்லாம். பத்தில் ஐந்து பாட்டை டிசம்பர் மாதம் மினியாபொலிஸில் மறுபடி பதிவு செய்தார் என்று சொல்லிவிட்டு, 'கலைஞன்னா இப்படி இருக்கணும்' என்றார். நானும் கை தட்டினேன். அன்று சார்ட் கிடையாது, அம்பு கிடையாது. டிலன் ஐந்து பாட்டை மாற்றினால் கலைஞன், ஜோனி இரண்டு பாட்டை மாற்றினால் அதைச் சொல்லக்கூட ஆள் இல்லை.

டிலனை விடுங்கள், இதைக் கேளுங்கள். அதே 1971இல், 'ப்ளூ' வருவதற்குச் சில வாரம் முன்னால், நாஷும் ஒரு தட்டு வெளியிட்டார். 'சாங்ஸ் ஃபார் பிகினர்ஸ்'. அதிலும் இதே பிரிவைப் பற்றிய பாட்டுகள் உண்டு. அதே வீடு, அதே சமையலறை, அதே வருடம். அதை யாராவது ஒரு ஆணின் டைரி என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை.

சார்ட்கூடப் புதிது இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை ஜோனிக்கு 'ஓல்ட் லேடி ஆஃப் தி இயர்' என்று ஒரு பட்டம் கொடுத்தது. அந்த வட்டாரப் பேச்சில் அதற்கு 'இன்னாருடைய பொண்ணு' என்று அர்த்தம். பிறகு யார் யாரோடு இருந்தார்கள் என்று கோடு போட்டு ஒரு படமும் வெளியிட்டது. அவர் அந்தப் பத்திரிகையோடு 1979 வரை பேசவில்லை. அதே பத்திரிகை 2020இல் 'ப்ளூ'வைத் தன் 500 ஆல்பம் பட்டியலில் மூன்றாவதாக வைத்தது. அவர்களே விட்டுவிட்ட கோடுகளை நாம் எதற்கு இத்தனை வருடம் கழித்து மார்க்கர் பேனாவில் போட்டுக்கொண்டிருக்கிறோம்?

அதுவும் நாம். அகப்பாட்டில் யாருடைய பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியத்திலேயே விதி வைத்த மொழி நம்முடையது. தலைவி என்றால் தலைவி, அவ்வளவுதான். எந்தப் புலவர் எந்த வீட்டுப் பெண்ணை நினைத்து எழுதினார் என்று யாரும் தேடிக்கொண்டு போவதில்லை. சினிமாவில்கூட எழுதுவது ஒருவர், பாடுவது ஒருவர், வாயசைப்பது ஒருவர். சோகம் மூன்று பேருக்கும் பங்காகிவிடுவதால் நாம் பாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ஒரே ஆள் எழுதி, மெட்டமைத்து, வாசித்து, பாடவும் செய்தால் மட்டும், அதுவும் அது பெண்ணாக இருந்தால் மட்டும், நமக்கு உடனே பெயர் வேண்டியிருக்கிறது.

பிரிந்து வந்த புதிதில் வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் இதைத்தான் கேட்டார்கள். பெரியம்மா செருப்பைக் கழற்றும்போதே கேட்டார், "யார் மேல தப்பு?" அடுத்து, "வேற யாராவது இருக்காங்களா?" அவரவர் மனதுக்குள் ஒரு சார்ட் இருந்தது. நான் நடுவில், சுற்றிலும் பெயர்கள். அந்த எட்டு மாதத்தில் நான் வேலை தேடினேன், வேலையில் சேர்ந்தேன், லோன் கட்டினேன், அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் செய்து வைத்தேன். அதைப் பற்றி ஒருத்தர் கேட்கவில்லை. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர்தான் எதுவும் கேட்காமல் தூக்குவாளியில் ரசம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்.

இதற்கும் இசைத்தட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எனக்குச் சம்பந்தம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அந்தச் சார்ட்டைப் பார்த்தபோது எனக்குப் பெரியம்மாவின் குரல்தான் கேட்டது. அண்ணன் கெட்டவர் இல்லை. எனக்கு இந்தத் தட்டையே பதினைந்து வருடத்துக்கு முன்னால் காப்பி போட்டுக் கொடுத்தவர் அவர்தான். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

அடுத்த கூட்டம் என் வீட்டில் என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது, அதில் மாற்றமில்லை. அண்ணனும் வரவேண்டும். வேறு எதுவும் போடப்போவதில்லை, விட்ட இடத்திலிருந்து, இரண்டாம் பக்கம். 'கலிபோர்னியா'வில் ஆரம்பித்து அந்தக் கடைசிப் பாட்டு வரை, பியானோவின் கடைசி ஒலி அடங்கும் வரை யாரும் பேச வேண்டாம். டீ அதற்குப் பிறகுதான் வரும்.