வார இறுதிப் பயணமும் வகுப்பறையும்
வெளிநாட்டில் கற்பித்தல் பயிற்சி பெறும் மாணவர்கள் அந்நாட்டின் பண்பாட்டை வார இறுதிப் பயணங்களில்தான் அறிந்துகொள்கிறார்கள், பள்ளி நாட்கள் வெறும் பணிச்சுமை என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. ஜெர்மனியில் நான் பயிற்சியில் இருந்தபோது, 1961 முதல் 1989 வரை பெர்லினைப் பிரித்து நின்ற சுவரின் எஞ்சிய பகுதியைப் பெர்னாவர் தெரு நினைவிடத்தில் கண்டேன். அன்று எனக்குக் கிடைத்தவை வரலாற்றுத் தகவல்கள் மட்டுமே. பின்னர் என் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் பாட்டி அச்சுவரின் கிழக்குப் பக்கத்தில் வளர்ந்தவர் என்றும், மேற்கில் இருந்த சொந்த அக்காவைப் பல ஆண்டுகள் பார்க்க முடியாமல் தவித்தவர் என்றும் சொன்னாள். அதன்பின் மீண்டும் அங்கே சென்றபோது, சுவரருகே உயிரிழந்தவர்களின் படங்களுக்கு முன்னிருந்து என்னால் எளிதில் நகர முடியவில்லை. வாரம் ஒரு நாடு பார்க்கலாம் என்று அக்கட்டுரைக்குக் கருத்திட்ட நண்பருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தங்களுக்கிடையே பொதுவாக எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் ஒன்றின் வசிப்பு அனுமதி உள்ளவர், எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள் வரை மற்ற ஷெங்கன் நாடுகளுக்குச் சென்றுவர விதி இடம் தருகிறது என்பது உண்மையே. எனினும் ஞாயிறு நள்ளிரவில் களைத்துத் திரும்புபவரின் திங்கட்கிழமைப் பாடம் எப்படி இருக்கும் என்பதை மாணவர்கள் உடனே உணர்ந்துவிடுகிறார்கள். எங்கே போகலாம் என்று வெள்ளிக்கிழமை அவர்களிடமே கேளுங்கள். எந்த வழிகாட்டி நூலும் குறிப்பிடாத இடங்களை அவர்கள் சொல்வார்கள்.