ரேடியோவ மறந்துட்டீங்களே

ஹிட்லர் காலத்து ஜெர்மனில ஜனங்க எத படிக்கணும் எத கேக்கணும்னு அரசாங்கம் கட்டுப்படுத்தினத பத்தின உங்க கட்டுரைல, புத்தகத்த எரிச்சத பத்தி நல்லா எழுதியிருக்கீங்க, ஆனா ரேடியோவுக்கு ரெண்டே வரிதானா? எனக்கு அதுதான் பெரிய வேலையா தெரியுது. 1933லயே மலிவு விலைல 76 மார்க்குக்கு ஒரு ரேடியோ விட்டாங்க, அதோட மாடல் நம்பர் 301, அதாவது ஹிட்லர் பதவிக்கு வந்த ஜனவரி 30ஆந் தேதி (30, அப்புறம் மொத மாசம்னு 1), பாருங்க எவ்வளவு யோசிச்சிருக்கான்னு. வீட்டுக்கு வீடு பொட்டி போனப்புறம் 1939 செப்டம்பர்ல யுத்தம் தொடங்கின கையோட வெளிநாட்டு ஸ்டேஷன் கேக்குறது குற்றம்னு சட்டம், கேட்டவங்க ஜெயிலுக்கு போனாங்க, ரேடியோ திருகுற எடத்துலயே எச்சரிக்கை அட்டை வேற தொங்கவிட்டாங்களாம். பக்கத்து வீட்டுக்காரன் காட்டிக் குடுப்பானோன்னு சத்தத்த கொறச்சி வச்சி கேக்கணும்.

நம்ம தோட்டத்து லயத்துல, அந்த வரிசை வீட்டுல இருந்து பாத்தா இது சட்டுனு புரியும், ஒரு செவுருதான் நடுவுல, அந்தப் பக்கம் தும்முனா இந்தப் பக்கம் கேக்கும். எங்க தாத்தா சொல்லுவாரு, அவரு சின்ன வயசுல காலைல வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்துல, ஆளுங்கள மேய்க்கிற கங்காணி வாயில வர்றதுதான் நியூஸாம், தோட்டத்து தொரை என்ன சொன்னாருன்னு கங்காணி சொல்றதுதான் (அதுல பாதி கங்காணியே சேத்ததுன்னு தாத்தா சிரிப்பாரு). அத சர்வாதிகாரத்தோட ஒண்ணா வைக்கல, சண்டைக்கு வராதீங்க.

இன்னொண்ணு, பேப்பர்காரங்களுக்கு தெனம் கூட்டம் வச்சி எத எழுதணும் எத விடணும்னு பெர்லின்ல சொல்லிக் குடுத்தாங்க, அதையும் அடுத்த பகுதில எழுதுங்க சார்.